நூற்றுப் பன்னிரண்டு ‘சுமார்’

எந்த நாட்டில் வாழ்க்கைத் தரம் எப்படி என்று பட்டியல் வெளியாகும் நாளில் என் வீட்டுத் தொலைபேசி சும்மா இருக்காது. திருச்சியில் இருக்கும் சித்தப்பா மகன் கூப்பிட்டு, உங்க ஊரு மேல ஏறியிருக்கே என்பான். இறங்கியிருந்தால் அதைவிடச் சந்தோஷமாகச் சொல்வான். நான் அவனிடம் அலட்டிக்கொள்ளாமல்தான் பேசுவேன். ஃபோனை வைத்த பிறகு ஒரு கர்வம் வரும், அதை ஏன் மறைக்க வேண்டும்? அப்படிப்பட்ட ஒரு பட்டியலுக்காகச் சிராங்கூன் ரோட்டில் வீடு வீடாகப் படியேறி இறங்கியவள் நான். இரண்டு ஜோடி செருப்பு அதிலேயே தேய்ந்தது.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. டோபி காட் பக்கம் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் எங்கள் அலுவலகம். பல நாட்டு நகரங்களை எடுத்து, எந்த ஊரில் மக்கள் நன்றாக வாழ்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்கெடுப்பு அது. வெளிநாட்டில் யாரோ தொடங்கியது, எங்கள் ஊருக்கான வேலை எங்கள் கையில். ஆறு பேரைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் அதில் ஒருவரை நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆறு பேரில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் தேக்காவைச் சுற்றியிருந்த தமிழர் வீடுகள் எல்லாம் என் பங்குக்கு வந்தன. நூற்றுப் பன்னிரண்டு வீடு.

ஃபாரத்தில் வீடு, தண்ணீர், பஸ் வசதி, வைத்தியம், பாதுகாப்பு, பிள்ளைகள் படிப்பு என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். ‘மிகவும் திருப்தி’யில் தொடங்கி ‘கொஞ்சமும் திருப்தியில்லை’யில் முடியும். நடுவில் ‘சுமார்’. எங்கள் அதிகாரி ஒரு சீன அம்மா, நாற்பது வயது இருக்கும், கறார் என்றால் அப்படி ஒரு கறார். பயிற்சி நாளில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கேள்வியைப் படி, அவர்கள் சொன்னதை எழுது, நீயாக எதையும் யோசித்துப் போடாதே. நான் தலையாட்டினேன். எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்துவிட்டால் அதில் இம்மி பிசக மாட்டேன், அது என் பிறவிக் குணம்.

முதல் நாள் மசாலா மில்காரர் வீட்டுக்குப் போனேன். பஃபலோ ரோட்டில் புது ஃபிளாட், பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. அதற்கு முன் அவர்கள் இருந்த கடைவீட்டை எனக்குத் தெரியும். மாடியில் ஆறு குடும்பம், எல்லோருக்கும் சேர்த்து ஒரு வாளிக் கக்கூஸ். இப்போது சொந்தக் குழாய், சொந்தக் கழிப்பறை. மகள் ஆசிரியைப் பயிற்சியில், மகன் ராணுவச் சேவையில். கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஃபிரிட்ஜ். எனக்கு அதிலிருந்து ஒரு தம்ளர் ஜில்லென்று சிரப் வந்தது. வீட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஃபிரிட்ஜைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஏதோ ஓடுதும்மா. சுமார்னு போட்டுக்க.”

தண்ணீருக்கும் சுமார், பஸ்ஸுக்கும் சுமார், பிள்ளைகள் படிப்புக்கும் சுமார். அடுத்த வீட்டில் நகை ஆசாரி. அவரும் அப்படியே. அதற்கடுத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் ஓர் அக்கா, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் வேதக்காரர், வீட்டுக்காரரை இழந்து மூன்று பிள்ளைகளைத் தனியாக ஆளாக்கியவர். மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, ஆண்டவர் புண்ணியத்தில் ஏதோ தள்ளிக்கொண்டு போகிறோம் என்றார். அவருக்கும் சுமார்தான்.

காரணம் எனக்குத் தெரியாதா? நானும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. நம் ஆட்கள் யாராவது வாயைத் திறந்து ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொன்னால் கண் பட்டுவிடும். புது ஃபிரிட்ஜ் ரிப்பேராகிவிடும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும். நான் பரீட்சையில் பாஸான அன்று என் அம்மா சந்தோஷப்படுவதற்கு முன்னால் மிளகாயும் உப்பும் எடுத்து எனக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் சுமார் என்றே எழுதினேன். சொன்னதை எழுது என்பது சட்டம். சட்டத்தை மீறி ‘இவர் சொன்னது இது, மனசில் இருப்பது அது’ என்று நானே போட்டால், பிறகு அது கணக்கா, கதையா?

என் பங்கு நூற்றுப் பன்னிரண்டு போக, எங்கள் வீடும் அந்தப் பட்டியலில் விழுந்திருந்தது. சொந்த வீட்டுக்கு நாமே போகக்கூடாது என்பதால், அதிகாரியே நேரில் போய் அப்பாவிடம் ஃபாரம் எழுதி வாங்கி வந்தார். மலாயும் ஆங்கிலமும் கலந்து இருவரும் பேசிக்கொண்டார்களாம்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை. கூலியாகச் சேர்ந்து, அப்போது பத்து ஆட்களுக்கு மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, இருந்தார். காத்தோங்கிலிருந்து சிராங்கூன் வரை அவர் மண் தோண்டாத தெரு கிடையாது. என்னைப் பற்றி வெளியில் ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார். எங்கள் குடும்பத்தில் ஆஃபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான். காப்பிக்கடையில் யாராவது, மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், ‘அது ஏதோ போயிட்டு வருது’ என்பார். பக்கத்திலேயே நான் நிற்பேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். கண் படும் என்றுதான் சொல்கிறார் என்று அம்மா சமாதானம் சொல்வாள். கண் பட்டாலும் படட்டும், ஒரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நான் கத்துவேன். அவர் காதில் வாங்கவே மாட்டார்.

ஃபாரங்களைக் கொடுத்த மூன்றாம் நாள் அதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் என் ஃபாரக் கட்டு பிரிந்து கிடந்தது.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. நூற்றுப் பன்னிரண்டு வீட்டுலயும் சுமார், சுமார், சுமார். நீ வீட்டுல உக்காந்து எழுதினியா?”

எனக்கு உச்சந்தலையில் நெருப்பு வைத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த மாதிரி வேலையில் அப்படித் திருட்டுத்தனம் செய்கிறவர்கள் உண்டு. வெயிலில் அலைய அலுப்புப்பட்டு, எங்காவது உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் நடுக்கட்டத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். என் செருப்பைக் காட்டட்டுமா மேடம் என்று கேட்டுவிட்டேன். நல்லவேளை, அவருக்குக் கோபம் வரவில்லை. அமைதியாக இன்னொரு ஃபாரத்தை எடுத்து முன்னால் வைத்தார். என் அப்பாவுடையது. எல்லாக் கட்டமும் ‘மிகவும் திருப்தி’. ஒன்றுகூடக் குறையவில்லை.

உன் சொந்த அப்பா நாட்டிலேயே சந்தோஷமான மனிதர் மாதிரிப் பேசுகிறார், அதே தெருவில் நீ போன வீடுகளில் ஒருவருக்குக்கூடத் திருப்தி இல்லையா, எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. இருபது வீட்டுக்கு உன்னோடு நானே மறுபடி வருகிறேன், பதில்கள் பொருந்தினால் சரி, பொருந்தாவிட்டால் கட்டு முழுவதும் குப்பைக்குப் போகும், நீயும் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். அப்படிக் குப்பைக்குப் போனால் தமிழர் வீடுகள் இல்லாமலே ஊர்க்கணக்கு முடிந்துவிடும். எனக்கு வேலை போவதைவிட, பொய் எழுதியவள் என்ற பெயரோடு போவதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் வாசலில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். நம் தண்ணீர், நம் வீடு, நம் பஸ் எல்லாவற்றையும் நாள் முழுக்கக் குறை சொல்கிற மனிதர், அந்த அம்மாவிடம் மட்டும் எப்படி எல்லாம் உசத்தி என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பின்ன? வெளியாளு வந்து கேட்டா, நம்ம வீட்ட நாமே குறைச்சா சொல்லுவாங்க?”

நான் பொய் எழுதினேன் என்று என் வேலை போகப் போகிறது என்றேன். நீ ஒழுங்காகத்தானே எழுதினாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் என்ன என்று சொல்லிவிட்டு மறுபடி பூட்ஸைத் தேய்க்க ஆரம்பித்தார். அவ்வளவுதான். அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அதிகாரியோடு கிளம்பினேன். மசாலா மில்காரர் அவரைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நான் அதே கேள்விகளைத் தமிழில் படித்தேன். வீடு? ‘வெரி குட் மேடம்’ என்று நேராக அதிகாரியிடமே சொன்னார். தண்ணீர்? ‘நம்பர் ஒன் லா!’ மகனின் புகைப்படத்தையும் மகளின் சான்றிதழையும் எடுத்து வந்து காட்டினார், கழிப்பறைக் கதவைத் திறந்து சங்கிலியை இழுத்துத் தண்ணீர் விழுவதைக்கூடக் காட்டினார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. அப்பா சொன்னது அப்படியே கண் முன்னால் நடக்கிறது. என்னிடம் சொன்னது சொந்தக்காரப் பெண்ணிடம் சொல்கிற பேச்சு, அவரிடம் சொன்னது விருந்தாளியிடம் சொல்கிற பேச்சு. நகை ஆசாரி வீட்டிலும் அதே கூத்து. ஆறு வீடு முடிவதற்குள் அதிகாரியின் முகம் இறுகிவிட்டது.

படியில் இறங்கும்போது நின்று கேட்டார். “முதல்ல பொய்யா, இப்ப பொய்யா?”

இரண்டுமே பொய் இல்லை மேடம் என்று ஆரம்பித்து, கண் படுவதைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டார். தன் அம்மாவும் குழந்தையைக் கொழுகொழு என்று யாரையும் சொல்லவிட மாட்டார் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இது போதாது என்று தலையை ஆட்டினார். சரி, உங்கள் வழக்கம் எனக்குப் புரிகிறது, நான் பட்டியலுக்கு எதை அனுப்புவது, சுமாரையா, நம்பர் ஒன்னையா என்றார். வழக்கத்துக்குக் கட்டம் இல்லையே. நான் அவர் பின்னால் நடந்தேன்.

ஏழாவது வீடு அந்த ஆயா அக்காவுடையது. அவரும் அதிகாரியிடம் எல்லாமே திருப்தி என்று சிரித்த முகத்தோடு சொல்லி முடித்தார். காற்று வாங்க அதிகாரி வெளி வராந்தாவுக்குப் போனதும் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

“தங்கச்சி, மேடம்கிட்ட சொல்ல முடியுமா? லிஃப்ட் ஆறாவது மாடியோட நின்னுடுது, மிச்சத்துக்குப் படியேறணும். எனக்கு முட்டி வலி. மத்ததெல்லாம் நெஜமாவே நல்லாத்தான் இருக்கு, அத வாயால சொல்லத்தான் பயமா இருக்கு. பென்சில குடேன், நானே போட்டுக்கிறேன்.”

பென்சிலைக் கொடுத்தேன். ஒரு கையால் ஃபாரத்தை மறைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை காப்பியடிக்க விடாமல் எழுதுகிற மாதிரி, கோடு கோடாகப் போட்டார். போட்டு முடித்து நாலாக மடித்துக் கொடுத்தார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வாயால் சொன்னால்தானே கண் படும்? வெளியாள் காதில் விழுந்தால்தானே மானம் போகும்? யாரும் பார்க்காமல் பென்சிலால் போட்டால் இரண்டும் இல்லையே!

வராந்தாவிலேயே அதிகாரியிடம் சொன்னேன். எல்லா வீட்டுக்கும் ஒரு தமிழ் ஃபாரமும் ஒட்டுகிற உறையும் கொடுப்போம், பெயர் எழுத வேண்டாம், நானும் பார்க்க மாட்டேன், உங்கள் கையால் பிரியுங்கள் என்றேன். அவர் ஒரு வாரம் தருகிறேன் என்றார். ஆனால் நீ உறையைத் தொடக்கூடாது, கொடுப்பதும் வாங்குவதும் வேறு ஆள் என்றார். எங்களோடு வேலை பார்த்த மலாய்ப் பெண் ஒருத்தி அந்த நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் ஏறி இறங்கினாள். பட்டியலில் இருந்ததால் எங்கள் வீட்டுக்கும் ஓர் உறை வந்தது. எழுதுகிறாரா, தூக்கிப் போட்டுவிட்டாரா என்று நான் அப்பாவிடம் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவரோடு நான் பேசவே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் உறைகளைப் பிரித்தார்கள். அதிகாரி கத்தரித்து எடுப்பார், மலாய்ப் பெண் எண்ணி எழுதுவாள், நான் தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஃபாரத்தின் அடியில் ‘வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்’ என்று நாலு வரி இடம் விட்டிருக்கும். முதல் தடவை அதில் ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. இப்போது பாதிக்குமேல் எழுதியிருந்தார்கள்! தமிழில் இருந்ததால் அவற்றை மட்டும் என்னிடம் நீட்டி மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.

அடேயப்பா, என்ன எழுத்து! மாடிப்படியில் விளக்கு எரிகிறது, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பயமில்லாமல் வருகிறேன் என்று ஒருத்தி. என் மூன்று பிள்ளைக்கும் ஊசி போட்டுவிட்டார்கள், ஊரில் என் அக்கா இரண்டைப் பறிகொடுத்தாள் என்று இன்னொருத்தி. பழைய கடைவீட்டுச் சனங்களைப் பார்க்க முடியவில்லை, புது மாடியில் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர். லிஃப்ட் பற்றி மட்டும் பதினோரு பேர். கட்டங்களில் நல்லதும் இருந்தது, குறையும் இருந்தது, ஒரு வீட்டுக்கு இன்னொன்று ஒத்திருக்கவில்லை. மொத்தத்தில் என் பழைய சுமார்களைவிட வெகு உயரம். படிக்கப் படிக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவையும் மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டா எனக்கு ஏதோ ஓடுது என்றீர்கள் என்று ஒவ்வொருவரையும் தேடிப்போய்ச் சண்டை போட வேண்டும் போல இருந்தது.

அதிகாரி மட்டும் இன்னும் இளகவில்லை. தமிழ் எனக்குத் தெரியாது, நீ சொல்வதைத்தான் நான் நம்ப வேண்டியிருக்கிறது என்று பாதியில் ஒருமுறை சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

கடைசிக்கு முந்தின உறையைப் பிரித்து என்னிடம் நீட்டினார். தண்ணீருக்கான கட்டத்தில் கோடு அழுந்தி அழுந்தி, பென்சில் தாளைக் கிழித்திருந்தது. அடியில் மூன்று வரி. முதல் எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குழாய்க் கிடங்கு நோட்டில் எழுதுகிற அதே குண்டு குண்டான எழுத்து. ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவரின் எழுத்து. படித்தேன். மறுபடியும் படித்தேன்.

என்ன எழுதியிருக்கிறது என்று அதிகாரி கேட்டார். நான் எப்படிச் சொல்வது? அதை என் வாயால் ஆங்கிலத்தில் சொன்னால், நானே இட்டுக்கட்டியது என்றுதான் உலகத்தில் யாரும் நினைப்பார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தால் அதுதான் நான் சொல்லும் முதல் பொய். கீழ் மாடியில் டைப்பிஸ்ட் அக்கா இருக்கிறார், அவருக்குத் தமிழ் தெரியும், இதை மட்டும் அவர் படிக்கட்டும் மேடம் என்றேன். அதிகாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு ஆள் அனுப்பினார்.

அந்த அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் விவகாரம் எதுவும் அவருக்குத் தெரியாது. தாளைத் தூக்கிப் பிடித்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி சத்தமாக முதலில் தமிழிலேயே படித்தார்.

“தண்ணி நல்லா வருது. குழாய் நான் போட்டது. இந்தக் கணக்கு எழுதின பிள்ளையும் என் பிள்ளைதான். அது பொய் எழுதாது.”

பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னார். இதை ஏன் நீயே படிக்கவில்லை என்று அதிகாரி கேட்டார். நான் படித்தால் நம்பியிருப்பீர்களா மேடம் என்றேன். என் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. அவர் கட்டின் மேலிருந்த தாளை இழுத்து, சரிபார்த்தது என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். கணக்கெடுத்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.

டைப்பிஸ்ட் அக்கா இன்னும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “யாருடி அந்தப் பிள்ள? குடுத்து வச்சது” என்று என்னிடம் கேட்டார்.

“நான்தான்க்கா” என்றேன். நாலாம் மாடி முழுக்கக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.